லாரி ஆபீஸ் நடத்துபவர்களும் ஓட்டுபவர்களும் ஒரு யோசனை சொல்லுங்கள்

வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு சின்ன லாரி ஆபீஸில் கணக்குப் பார்க்கிறேன். மொத்தம் 11 வண்டி. ஜவ்வரிசி ஏற்றி வடக்கே போகும், திரும்பும்போது கிடைத்த லோடு.

போன மாதம் எங்கள் டிரைவர் ஒருவர் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் கண் அசந்து தடுப்புச் சுவரில் உரசிவிட்டார். நல்லவேளை, கண்ணாடியும் பம்பரும் போனதோடு சரி. இரண்டு ராத்திரியாகத் தூக்கமே இல்லையாம். சேதத்தைப் படியில் பிடிக்கச் சொன்னார் முதலாளி. பிடித்தேன். அன்றிலிருந்து பிரேக்கில் சத்தம், டயர் தேய்மானம் என்று ஒருவரும் வாயே திறப்பதில்லை. பிடித்த கை என்னுடையது என்பதால் இன்னும் உறுத்துகிறது.

1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே நாளைக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்துக்கு மேல் போவதற்குள் அரை மணி ஓய்வு என்றது. எங்களிடமோ டிரிப்புக்கு இவ்வளவு என்று கூலி. அப்புறம் யார் வண்டியை ஓரங்கட்டுவார்? 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம். எங்கள் வண்டிகள் எல்லாம் அதற்கு முந்தியவை, பகலில் உள்ளே படுக்கவே முடியாது.

மாதச் சம்பளத்தோடு கிலோமீட்டர் படியும் கலந்து கொடுப்பவர்கள் இருக்கிறீர்களா? கட்டுப்படியாகிறதா? பழுதைத் தானாகச் சொன்னால் பிடித்தம் இல்லை என்று எழுதி ஒட்டினால் டிரைவர்கள் நம்புவார்களா? ஓட்டுகிற அண்ணன்கள் சொன்னால் இன்னும் நல்லது. திங்கட்கிழமை முதலாளியிடம் பேசப் போகிறேன், அதற்குள் சொல்லுங்கள்.