மலரில் கே.பி.எஸ். அம்மா கட்டுரை: ரயிலோடு நிறுத்திவிட வேண்டாம்

ஊர்ச் சொந்தங்கள் அனைவருக்கும் வணக்கம்.

வெளிநாட்டில் இருக்கும் நம் கொடுமுடிக்காரர் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்காகத் தம்பி அனுப்பியிருந்த, பாடகியும் நடிகையுமான கே.பி.சுந்தராம்பாள் பற்றிய கட்டுரையின் வரைவைப் படித்தேன். இரவுப் பணிக்கும் பிள்ளைகளின் பரீட்சைக்கும் நடுவில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். அதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரையில் முக்கால் பங்கு ரயிலிலேயே ஓடுகிறது. ஏழைச் சிறுமி பாடினாள், பெரிய மனிதர் ஒருவர் கேட்டார், அதிர்ஷ்டம் அடித்தது. பக்கத்தைத் திருப்பினால் சினிமாவில் அவர் நடித்த ஔவையார் கோலும் கையுமாக நிற்கிறார். இடையில் கிடக்கும் ஆண்டுகளைக் காணோம். அந்த அம்மாள் தன் குரலுக்கு என்ன விலை என்று அறிந்து, அதைக் கேட்டு வாங்கியவர் என்பது அந்த ஆண்டுகளில்தான் தெரியும். ஆகவே இந்த நீளமான மடல். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரயில் கதை பொய் இல்லை. 1908-ல் கொடுமுடியில் பிறந்தவர்; தாயார் பாலாம்பாள்; உடன்பிறந்தவர்கள் கனகசபாபதியும் சுப்பம்மாளும். வீட்டில் வறுமை. ஈரோட்டிலிருந்து கரூர் வழியாகத் திருச்சிக்குப் போகும் பாதை நம் ஊரைத் தொட்டுக்கொண்டு போவதால், பாடினால் காசு கிடைக்கும் இடமாக ரயில் இருந்தது. மூன்றாம் வகுப்புப் பெட்டியில் மரப்பலகை இருக்கை, சன்னல் வழியாக உள்ளே வரும் கரித்தூள், சக்கரத்தின் ஓயாத இரைச்சல். அந்த இரைச்சலுக்கு மேலே குரலை ஏற்றினால்தான் அடுத்த பலகையில் இருப்பவருக்குக் கேட்கும். பிற்காலத்தில் ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையின் கடைசி வரிசைவரை அவர் குரல் போனதே, அதற்கான பயிற்சி இங்கேயே தொடங்கிவிட்டது என்பது என் எண்ணம்.

அவர் பாடியதைக் கேட்டவர் எஃப்.ஜி.நடேசய்யர். வரைவில் அவரை ‘ஒரு ரயில்வே அதிகாரி’ என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டது நியாயமில்லை. அவர் தென்னிந்திய ரயில்வேயில் வேலை பார்த்தவர், நாடகப் பித்தர், திருச்சி ரசிக ரஞ்சன சபாவை உருவாக்கியவர். எம்.கே.தியாகராஜ பாகவதர் சிறுவனாக லோகிதாசன் வேடம் கட்டியது அந்தச் சபா நடத்திய அரிச்சந்திரா நாடகத்தில்தான். பின்னாளில் 1938-ல் ‘சேவாசதனம்’ படத்தில் எம்.எஸ்.சுப்புலட்சுமிக்குக் கணவராக நடித்தவரும் இவரே. இப்படிக் காது படைத்தவர் ஒரு பெண்பிள்ளையின் பாட்டைக் கேட்டு நின்றார் என்றால், அது இரக்கத்தால் மட்டும் என்று நான் நம்பவில்லை. கரூரில் இருந்த ஒரு போலீஸ் அதிகாரிதான் முதலில் கை கொடுத்தார் என்றும் ஒரு கதை உண்டு. எப்படியோ, சிறுமி வேலு நாயர் நாடகக் கம்பெனியில் சேர்ந்தாள்.

கம்பெனியில் கிடைத்தது பாலபார்ட், அதாவது சிறுவர் வேடம், அதுவும் ஆண் குழந்தை வேடம். நல்லதங்காள் நாடகத்தில் பசியில் அழும் பிள்ளைகளில் ஒருவன். பசித்த பிள்ளையாக நடிக்க அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதில்லை. இந்த ஆண் வேடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது இலங்கை. சிறு வயதிலேயே கடல் கடந்து கொழும்பிலும் மற்ற ஊர்களிலும் மேடை ஏறியிருக்கிறார். அயல்நாட்டில் சம்பாதித்து ஊருக்குப் பணம் அனுப்பிய முதல் கொடுமுடிக்காரர்களில் ஒருவர் என்று வைத்துக்கொண்டால், நம் சங்கத்துக்கு அவரே மூத்த உறுப்பினர்!

இனி வருவது ஸ்பெஷல் நாடகக் காலம். நம் பிள்ளைகளுக்கு இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். கம்பெனி நாடகம் என்றால் ஒரே கூரையின் கீழ் உண்டு உறங்கி, வாத்தியாரிடம் பாடம் கேட்டு, ஒத்திகை பார்த்து நடிப்பது. ஸ்பெஷல் நாடகம் அப்படி இல்லை. காண்ட்ராக்டர் ஒருவர் கதாநாயகனான ராஜபார்ட்டை ஓர் ஊரிலிருந்தும் கதாநாயகியான ஸ்திரீபார்ட்டை வேறோர் ஊரிலிருந்தும் தனித்தனியே சம்பளம் பேசி வரவழைப்பார். நடிகர்கள் சந்திப்பதே சில சமயம் நாடகத்தன்று மாலையில்தான். ஒத்திகை கிடையாது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிக்கொடுத்த பாடம் எல்லோருக்கும் மனப்பாடம். அதுவே அவர்களுக்குப் பொதுச் சொத்து.

வள்ளி திருமணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கும். மேடையின் ஓரத்தில் ஹார்மோனியக்காரர், அவரும் பாடுவார். தினைப்புனத்தில் வள்ளி ஆலோலம் பாடிக் குருவி ஓட்டுகிறாள். நாரதர் வந்து வாயைக் கிளறிவிட்டுப் போவார். பிறகு வேலன் வேடனாக வருவான். அங்கே பிடிக்கும் தர்க்கம் லேசில் ஓயாது. அவன் ஒரு கேள்வியைப் பாட்டில் போடுவான்; அவள் அதே சுருதியில் பதிலை எறிவாள்; அவன் ஒரு படி மேலே ஏறினால் அவளும் ஏற வேண்டும். எழுதிவைத்த பாட்டு தீர்ந்த பிறகும் சபை ‘ஒன்ஸ் மோர்’ கேட்கும். அங்கே குரல் கம்மிவிட்டால் ஜனங்கள் சும்மா விடமாட்டார்கள். அடுத்த ஊரில் காண்ட்ராக்டர் சம்பளத்தைக் குறைத்துவிடுவார். விடியும்வரை நடக்கும் தொழில் பரீட்சை இது. அதில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தேறி வந்தவரை ‘அதிர்ஷ்டசாலி’ என்று எழுதலாமா, நீங்களே சொல்லுங்கள்.

எதிரே நிற்கவேண்டியவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். செங்கோட்டை கிட்டப்பா, கன்னையா கம்பெனியின் தசாவதாரம் நாடகத்தில் பரதனாக நடித்துப் பெயர் வாங்கியவர். அவருடைய மேல் ஸ்தாயிக்கு முன்னால் நிற்க மற்ற நடிகர்கள் தயங்கினார்கள். கொழும்பில் சுந்தராம்பாளுக்கு ஏற்கெனவே பெரிய பெயர். இவரிடம் “அவரோடு பாடினால் அடிபட்டுப் போவாய்” என்றும், அவரிடம் “அந்தப் பெண்ணோடு போட்டி போட்டால் தோற்பாய்” என்றும் மூட்டிவிட்டவர்கள் இருந்தார்களாம். 1926-ல் கொழும்பு மேடையில் இருவரும் சேர்ந்து பாடினார்கள். யாரும் தோற்கவில்லை. அடுத்த ஆண்டே திருமணம். தமிழ்நாட்டு ஊர்களில் அந்த ஜோடிக்காகக் கூட்டம் கட்டி ஏறியது. கிராமபோன் தட்டுகளில் இருவர் பாட்டும் வீடு வீடாகப் போயின.

திருமண வாழ்வைத் தம்பி ‘அமர காதல்’ என்று எழுதியிருக்கிறார். எனக்கு அந்தச் சொல் உறுத்துகிறது. கிட்டப்பாவுக்குச் செங்கோட்டையில் ஏற்கெனவே மனைவி உண்டு. பிரிவும் மனத்தாங்கலும் இருந்தன. பிறந்த குழந்தையும் தங்கவில்லை. இவர் கணவருக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சில் வந்திருக்கின்றன. படித்தவர்களுக்குத் தெரியும், அதில் பணிவும் இருக்கிறது, கோபமும் இருக்கிறது, செலவுக் கணக்குகூட இருக்கிறது. காதல் காவியமாக்கி அந்தக் கோபத்தை மறைத்துவிட்டால் பாதி மனுஷியைத்தான் மலரில் போடுகிறோம்.

1933 டிசம்பர் 2 அன்று கிட்டப்பா மறைந்தார். இவருக்கு வயது 25. வெள்ளைக் கதர் உடுத்தினார். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு செய்தார். ஸ்திரீபார்ட்டில் கொடிகட்டிப் பறந்த நடிகைக்கு இது தொழிலையே மூடிவிடும் முடிவு. காங்கிரஸ் மேடைகளில் தேசியப் பாட்டுகள் பாடியவர்தான். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி போன்றவர்கள் மறுபடி நடிக்கச் சொல்லி வற்புறுத்தினார்கள். அவர் திரும்பி வந்தார், ஆனால் ஜோடி தேவைப்படாத வேடத்தில்: சிவனடியார் நந்தனாராக. பாலபார்ட்டில் பையனாகத் தொடங்கியவருக்கு ஆண் வேடம் புதிதா என்ன?

இப்போது அந்த ஒரு லட்சம். படமெடுக்க வந்தவர் அசன்தாஸ். சினிமாவில் நடிக்க இவருக்கு விருப்பமில்லை. முகத்துக்கு நேரே மறுப்பதற்குப் பதில், யாரும் கொடுக்க முடியாத தொகையைக் கேட்டால் வந்தவர் தானே போய்விடுவார் என்று ஒரு லட்சம் ரூபாய் கேட்டார் என்பது எல்லோரும் சொல்லும் செய்தி. ஒரு சவரன் தங்கம் முப்பது ரூபாய்க்குள் கிடைத்த காலம். மூவாயிரம் சவரனுக்கு மேல்! அசன்தாஸ் சம்மதித்துவிட்டார். இந்தியாவில் அந்தத் தொகையை வாங்கிய முதல் நட்சத்திரம் என்றே சினிமா வரலாறு எழுதுபவர்கள் சொல்கிறார்கள். வரைவில் இது ‘வியப்பான செய்தி’ என்ற துணுக்காக ஒரு கட்டத்துக்குள் கிடக்கிறது. கட்டுரையின் நடுவில் இருக்கவேண்டியது அது. காண்ட்ராக்டர்களிடம் பேரம் பேசிப் பழகிய பெண் அவர். அவர் தொகை சொல்லி மறுக்க நினைத்ததும் தொழில் தெரிந்தவரின் வழிதான்.

‘பக்த நந்தனார்’ 1935-ல் வந்தது. அமெரிக்காவில் படக்கலை படித்துவந்த மாணிக்லால் டாண்டன் இயக்கினார், படப்பிடிப்பு கல்கத்தாவில். வேதியராக நடித்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாதய்யர். நந்தனாராக நிற்கும் ஒரு பெண்ணின் காலில் வேதியர் விழுவதா என்று சனாதனிகள் கொதித்தார்கள். எழுத்தாளர் கல்கி தன் விமரிசனத்தில் படத்தைக் கிண்டலாக வாங்கு வாங்கென்று வாங்கினார். பனைமரத்துக்கும் எருமைக்கும் கிடைத்த பாராட்டு மனிதர்களுக்குக் கிடைக்கவில்லை. இதையும் மலரில் போடலாம். நம் ஊர்க்காரர் என்பதற்காகத் திட்டு வாங்கியதை மறைக்க வேண்டாம். படச்சுருள் இன்று கிடைக்காததால், கல்கி சொன்னது சரியா என்று நாம் தீர்ப்புச் சொல்லவும் வழியில்லை.

பிறகு 1940-ல் மணிமேகலை, 1953-ல் ஜெமினியின் ஔவையார், 1964-ல் பூம்புகாரில் கவுந்தி அடிகள், அடுத்த ஆண்டு திருவிளையாடல். வேடங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள்: தொண்டர், துறவி, முதிய புலவர், சமணத் துறவி, மறுபடி ஔவை. சினிமாவில் நடிகைகளுக்கு வயது ஏறினால் வாய்ப்பு இறங்கும். இவருக்கு ஔவையாரில், 44 வயதில்தான் பெரிய வெற்றி வந்தது. ஜோடியாக நடிப்பதில்லை என்ற அந்த முடிவை ஒரு நாளும் தளர்த்தாமல், கதாநாயகனே இல்லாத ஒரு நட்சத்திர வாழ்வை நடத்திக்காட்டினார்.

பூம்புகார் சமயத்தில் நடந்த ஒன்றைக் கட்டாயம் சேர்க்கச் சொல்வேன். தெய்வம் எங்கே போனது என்று கேட்கும் தொனியில் கருணாநிதி எழுதியிருந்த ஒரு வரியை இவர் பாட மறுத்தார். நெற்றி நிறையத் திருநீறு பூசியவர். முருகனைப் பாடியே வளர்ந்த வாய். எழுதியவர் வரியை மாற்றிக்கொடுத்தார், இவர் பாடினார். இருவர் மேலும் எனக்கு மரியாதை கூடியது அந்தச் செய்தியைப் படித்தபோதுதான். 1969-ல் நம் ஊரில் இந்த அம்மாள் கட்டிய சினிமா கொட்டகையைத் திறந்துவைக்க முதல்வராக வந்தவரும் அதே கருணாநிதி, எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். அதே ஆண்டு வெளிவந்த துணைவன் படப் பாட்டுக்குத் தேசிய விருது, 1970-ல் பத்மஸ்ரீ.

தம்பிக்கு என் யோசனை: ரயிலை ஒரு பத்தியில் முடியுங்கள். ஸ்பெஷல் நாடகத்துக்கும் கொழும்புக்கும் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். ‘கொடுமுடிக் கோகிலம்’ என்ற பட்டத்தைத் தலைப்பில் ஒருமுறை போட்டால் போதும். வரிக்கு வரி வேண்டாம். ‘ஏழைச் சிறுமி’ என்ற சொல் வரைவில் வரும் இடங்களில் பாதியையாவது எடுத்துவிடுங்கள்.

உங்கள் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். பெரியவர்கள் வீட்டுப் பரணில் பழைய நாடக நோட்டீஸ், கிராமபோன் தட்டு, கொட்டகைத் திறப்பு விழாப் புகைப்படம் ஏதாவது இருந்தால் படம் எடுத்து மலர்க் குழுவுக்கு அனுப்புங்கள். நோட்டீஸ் கிடைத்தால் மிக நல்லது. அதில் நடிகர் பெயர்கள் எந்த அளவு எழுத்தில் அச்சாகியிருக்கின்றன என்பதை வைத்தே அன்று யாருக்கு என்ன மதிப்பு என்று கண்டுபிடித்துவிடலாம். தட்டை மட்டும் தயவுசெய்து தபாலில் அனுப்ப வேண்டாம், உடைந்துவிடும். ஊரில் இருப்பவர்கள் யாராவது ஒலிப்பதிவு செய்து தருவார்களா என்று நான் விசாரிக்கிறேன். தை பிறப்பதற்குள் எல்லாம் கைக்கு வந்தால் அச்சுக்குக் கொடுக்க வசதியாக இருக்கும்.

அன்புடன்,
மஸ்கட்டிலிருந்து உங்கள் அண்ணன்