6 அடி மீன் தொட்டி, 1,800 வெள்ளி: வாங்கலாமா?

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. சுங்கை சிப்புட்டில் ஒருவர் வீடு மாறிப் போவதால் தன் பழைய தொட்டியை விற்கிறார். 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். 12 மில்லிமீட்டர் கண்ணாடி. மர ஸ்டாண்ட், அடித்தொட்டி ஃபில்டர் (தொட்டிக்குக் கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி), பம்ப், விளக்கு எல்லாம் சேர்த்து 1,800 வெள்ளி கேட்கிறார். மீன் கிடையாது. நான் ஒரு கெலிசா (அரோவானா மீன்) வளர்க்கத்தான் பார்க்கிறேன்.

நேரில் போய்ப் பார்த்தேன். கண்ணாடியில் கீறல் அதிகமில்லை. ஆனால் பின்பக்க மூலையில் கண்ணாடிகளை ஒட்டும் சிலிக்கான் பசையின் ஓரம் நகத்தால் நெருடினாலே தூக்குகிறது, உள்ளே பச்சைப் பாசி ஏறியிருக்கிறது. ஸ்டாண்டின் அடிப்பலகையும் ஒரு பக்கம் ஊறி உப்பியிருக்கிறது. கேட்டால், "எட்டு வருசமா ஒரு சொட்டு ஒழுகல தம்பி" என்கிறார். இருக்கலாம். ஆனால் தொட்டி இப்போது காலி, தண்ணீர் நிரப்பிக் காட்டச் சொன்னால் மழுப்புகிறார். எனக்கு அதுதான் இடிக்கிறது.

தண்ணீர் மட்டுமே 680 லிட்டர். கண்ணாடி, கல்லோடு 800 கிலோ தாண்டும். எங்களுடையது பழைய தோட்ட வீடு, சிமெண்டுத் தரை என்றாலும் சமமில்லை.

ஈப்போ பக்கம் இதே அளவில் புதிதாகச் செய்தால் எவ்வளவு ஆகும்? சிலிக்கான் முழுதும் உரித்து மறுபடி பூச என்ன கூலி? 1,000 வெள்ளிக்குப் பேசிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன், ரொம்பக் குறைவாகக் கேட்கிறேனா? தொட்டியை ஏற்றி வரும் லோரிக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லணும்.