விளக்கைப் போட்டால் ஆயில் சூடு ஏறுகிறது: கோத்தகிரியிலிருந்து ஓர் உதவி வேண்டுகோள்

கோத்தகிரிக் கொட்டகை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகே, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கொட்டகையில், எஃகுக் குழாய்ச் சட்டத்தின்மேல் துணி போர்த்திய, இருவர் அமரும் சிறு விமானம் ஒன்றை ஆறு ஆண்டுகளாகக் கட்டி வருகிறேன். எஞ்சின் 100 குதிரைத்திறன் கொண்ட ரோட்டாக்ஸ் 912 யுஎல்எஸ். இறக்கைகளை இன்னும் பூட்டவில்லை. வாலைச் சில்வர் ஓக் மரத்தோடு கட்டி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, எஞ்சினைத் தரையில் ஓட்டிப் பார்க்கும் கட்டத்தில் இருக்கிறேன்.

சிக்கல் இதுதான். எஞ்சின் சூடேறி, ஆயில் சூடு 92 டிகிரியிலும் ஆயில் அழுத்தம் 3.5 பாரிலும் நிலையாக நிற்கும்போது, 55 வாட் லேண்டிங் லைட்டைப் போட்ட நொடியிலேயே, எஞ்சின் அளவுகளைக் காட்டும் மானிட்டரில் சூடு 101 டிகிரிக்கு ஏறுகிறது, அழுத்தம் 2.7 பாருக்கு இறங்குகிறது. விளக்கை அணைத்தால் இரண்டும் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகின்றன. ரேடியோவில் பேசும் பொத்தானை அழுத்தினால் நிலைமை இன்னும் மோசமாகி, சூடு 108 வரை போகிறது. எரிபொருள் அளவும் கூடவே ஆடுகிறது. சென்சார்தான் கெட்டுவிட்டது என்று பொருள் விற்றவர் உறுதியாகச் சொன்னதால் சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் புதிய சென்சார்கள் வாங்கிப் போட்டேன். ஒரு டிகிரிகூட மாறவில்லை. எஞ்சினைப் பிரிக்க வேண்டிவருமோ என்று இரண்டு நாளாகத் தூக்கமில்லை. வழி சொல்லுங்கள்.

மேட்டுப்பாளையம்

நண்பரே, ரோட்டாக்ஸில் மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரின் வெளியீட்டில் 22,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று இருக்க வேண்டும். அது பழுதாகியிருந்தால் மின்னழுத்தத்தில் அலை கலந்து மானிட்டரைக் குழப்பக்கூடும். முதலில் அதை மாற்றிப் பாருங்கள்.

அருவங்காடு

தம்பி, எதையும் மாற்ற வேண்டாம். ஏற்கெனவே இரண்டு சென்சாருக்குப் பணம் போய்விட்டது. விமானப்படையில் மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்த்து ஓய்வுபெற்றவன் நான். எனக்கு மூன்று விவரங்கள் வேண்டும். எஞ்சின் ஓடாமல் பேட்டரியில் மட்டும் விளக்கைப் போட்டால் முள் நகர்கிறதா? அழுத்தச் சென்சார் எதிர்ப்பு மாறும் பழைய வகையா, மில்லி ஆம்பியரில் சொல்லும் புதிய வகையா? மானிட்டரின் எர்த் வயர் எந்த இடத்தில் போய் முடிகிறது?

கோத்தகிரிக் கொட்டகை

ஐயா, காலையில் பார்த்தேன். எஞ்சின் ஓடாதபோதும் நகர்கிறது. ஆனால் 18 டிகிரி 20 ஆகிறது, அவ்வளவுதான். சென்சார்கள் இரண்டும் எதிர்ப்பு மாறும் பழைய வகை. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வயர்தான் உண்டு, எர்த் எஞ்சின் உடம்பு வழியாகவே போகிறது. மானிட்டர், ரேடியோ, லேண்டிங் லைட் மூன்றின் எர்த்தையும் டாஷ்போர்டுக்குப் பின்னால் சட்டக் குழாயில் ஒரே போல்ட்டில் முடித்திருக்கிறேன். பேட்டரியின் மைனஸ் எஞ்சினுக்கும், அங்கிருந்து சட்டத்துக்கும் போகிறது.

அருவங்காடு

எஞ்சின் ஓடாதபோதும் வருகிறது என்றால் ரெகுலேட்டரையும் கெப்பாசிட்டரையும் விட்டுவிடலாம். அந்த நேரத்தில் அவை வேலையே செய்யவில்லை.

எண்கள் எந்தத் திசையில் நகர்கின்றன என்பதைக் கவனியுங்கள். எஞ்சினுக்குள் இருக்கும் ஏறத்தாழ 3 லிட்டர் ஆயில் ஒரு நொடியில் 9 டிகிரி சூடேறி, விளக்கை அணைத்ததும் ஒரு நொடியில் ஆறுவது நடக்காத காரியம். ஆகவே மாறுவது ஆயில் அல்ல. சூட்டுச் சென்சாரின் எதிர்ப்பு, சூடு ஏற ஏறக் குறையும். அழுத்தச் சென்சாரின் எதிர்ப்போ அழுத்தம் கூடக் கூட ஏறும். சூடு ஏறுவதாகவும் அழுத்தம் இறங்குவதாகவும் ஒரே நேரத்தில் காட்டுகிறது என்றால், இரண்டு சென்சார்களிலும் எதிர்ப்பு குறைந்துவிட்டதாக மானிட்டர் நினைக்கிறது என்று பொருள். அதற்கு ஒரே எளிய காரணம்தான் உண்டு. மானிட்டர் பூஜ்யம் என்று நம்பிக்கொண்டிருக்கும் எர்த், எஞ்சின் உடம்பைவிட மேலே எழும்பி நிற்கிறது. விளக்கின் மின்னோட்டம் அந்தப் பொதுப் போல்ட் வழியாகத் திரும்பும்போது, போல்ட்டில் இருக்கக் கூடாத எதிர்ப்பு இருந்தால், அங்கே மின்னழுத்தம் உண்டாகி மானிட்டரின் எர்த்தையும் தூக்கிவிடும். சென்சார் புதிதாக இருந்தாலும் பழையதாக இருந்தாலும் இதில் ஒரு வேறுபாடும் தெரியாது.

இதை ஊகமாக விட வேண்டாம், அளந்துவிடலாம். மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை எஞ்சின் உடம்பில் பெயின்ட் இல்லாத இடத்திலும், சிவப்பு முனையை மானிட்டரின் எர்த் பின்னிலும் வையுங்கள். மானிட்டர் மட்டும் ஓடும்போது ஒரு முறை, விளக்கைப் போட்டு ஒரு முறை அளந்து எழுதுங்கள். ஓம் அளவில் வைத்துப் பார்க்காதீர்கள். சாதாரண மீட்டரின் ஓம் அளவுக்கு நூறில் ஒரு பங்கு ஓம் தெரியாது. மின்னோட்டம் பாயும்போது அளக்கும் மில்லிவோல்ட்தான் உண்மையைச் சொல்லும்.

இன்னொன்று என்னை உறுத்துகிறது. 55 வாட் விளக்கு ஏறத்தாழ நாலரை ஆம்பியர் இழுக்கும். உங்கள் ரேடியோ பேசும்போது இரண்டரை ஆம்பியர் அளவில்தான் இழுக்கும். எர்த் மட்டுமே காரணம் என்றால் ரேடியோவுக்கு முள் குறைவாக நகர வேண்டும். ஆனால் 16 டிகிரி நகர்கிறது. ஆகவே உங்களிடம் இருப்பவை இரண்டு பழுதுகள். ஒன்றின் முதுகில் மற்றொன்று ஏறி உட்கார்ந்திருக்கிறது. முதலாவதை முடித்துவிட்டு இரண்டாவதற்கு வருவோம். அதுவரை பேசும் பொத்தானைத் தொட வேண்டாம்.

கொடைக்கானல் ஹாம்

ஹாம், அதாவது அமெச்சூர் ரேடியோக்காரி என்ற முறையில், ஐயா சொன்ன கடைசி வரியை நானும் வலியுறுத்துகிறேன், தம்பி. விமான ரேடியோவில் ஒலிபரப்பத் தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு தரும் உரிமம் வேண்டும். அது ஒருபுறம் இருக்க, நீங்கள் இருக்கும் இடத்தை எண்ணிப் பாருங்கள். இந்த அலைகள் நேர்கோட்டில் செல்பவை. 1,800 மீட்டர் உயரத்திலிருந்து, மலை மறைக்காத திசையில், அவற்றின் தொடுவானம் ஏறத்தாழ 175 கிலோமீட்டர். கோத்தகிரிச் சரிவின் விளிம்பிலிருந்து பார்த்தால் கோவை விமான நிலையமும் சூலூர் விமானப்படைத் தளமும் அதற்குள் அடங்கிவிடும். சமவெளியில் ஒரு கொட்டகைக்குள் பொத்தானை அழுத்துவதும், உங்கள் மலையில் அழுத்துவதும் ஒன்றல்ல.

ஆன்டெனாவுக்குப் பதிலாக ஒரு டம்மி லோடு செய்துகொள்ளுங்கள். 1,000 ஓம், ஒரு வாட் கார்பன் ரெசிஸ்டர்கள் இருபதைப் பக்கவாட்டில் இணைத்தால் சரியாக 50 ஓம் கிடைக்கும். 20 வாட் தாங்கும். கம்பி சுற்றிய வகை ரெசிஸ்டர் ஆகாது, அது சுருளாக நடந்துகொள்ளும். ஒரு தகர டப்பாவுக்குள் வைத்து, ஆன்டெனா கேபிளில் இருப்பது போன்ற பிஎன்சி கனெக்டர் பூட்டிவிடுங்கள். ரேடியோவின் சக்தி முழுவதும் அதற்குள்ளேயே சூடாகிக் கரைந்துவிடும். பத்து நொடிக்கு மேல் தொடர்ந்து அழுத்த வேண்டாம்.

கோத்தகிரிக் கொட்டகை

ஐயா, அளந்துவிட்டேன். மானிட்டர் மட்டும் ஓடும்போது 24 மில்லிவோல்ட். விளக்கைப் போட்டதும் 235.

போல்ட்டைக் கழற்றினேன். நட்டைத் தளர்த்தும்போதே நறநறவென்று ஒலி கேட்டது. வயர் முனையில் போல்ட்டுக்காகப் பூட்டும் செம்பு லக்கின் அடிப்பக்கம் முழுவதும் பச்சைக் களிம்பு; வாஷரைச் சுற்றித் துரு வளையம். லக்குக்குக் கீழே சட்டத்தின் பெயின்ட் அப்படியே பளபளவென்று இருந்தது. நான் அதைச் சுரண்டவே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. இத்தனை நாளும் மின்னோட்டம் முழுவதும் போல்ட்டின் மரை வழியாக மட்டுமே போயிருக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை எங்கள் பக்கம் வடகிழக்கு மழைதான் அதிகம். கதவைச் சாத்தினாலும் மேகம் கொட்டகைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடும். பூட்டியபோது சரியாக இருந்த இணைப்பு இரண்டு மழைக்காலத்தில் இப்படி ஆகிவிட்டது.

அருவங்காடு

235 மில்லிவோல்ட்டை ஏறத்தாழ 5 ஆம்பியரால் வகுத்தால் 50 மில்லிஓமுக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. நல்ல இணைப்பில் இது ஒன்றிரண்டு மில்லிஓமைத் தாண்டக் கூடாது.

அந்தப் போல்ட்டைச் சுத்தம் செய்து மறுபடி பூட்டினால் இன்றைக்கு வேலை நடக்கும். அடுத்த மார்கழியில் மீண்டும் இதே கதைதான். சட்டத்தை எர்த் பாதையாக நம்புவதையே விட்டுவிடுங்கள். எஞ்சினுக்கும் அறைக்கும் இடையே உள்ள தடுப்புத் தகட்டில் ஒரு பித்தளை எர்த் கட்டை வையுங்கள். பேட்டரி மைனஸிலிருந்து ஒரு தடித்த வயர், எஞ்சின் உடம்பிலிருந்து ஒரு தடித்த வயர், இரண்டும் அந்தக் கட்டைக்கே வரட்டும். டாஷ்போர்டிலிருந்து 10 சதுர மில்லிமீட்டர் வயர் ஒன்று வரட்டும். மானிட்டருக்கு மட்டும் தனி எர்த் வயர் இழுத்து அதே கட்டையில் முடியுங்கள். அதில் விளக்கோ ரேடியோவோ கூட்டுச் சேரக் கூடாது. வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியும் வெள்ளீயம் பூசிய லக்குமே வாங்குங்கள். கடையில் கிடைக்கும் வெறும் செம்பு உங்கள் ஊர் ஈரத்துக்கு நிற்காது. தொடும் பரப்பை உப்புத்தாளால் உலோகம் தெரியும்வரை தேய்த்து, நட்டை இறுக்கிய பிறகு, வெளிப்புறத்தில் கிரீஸ் தடவுங்கள். லக்கைக் கிரிம்ப் கருவியால்தான் அழுத்த வேண்டும். கட்டிங் பிளேயரால் நசுக்கிய லக்கைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

கோத்தகிரிக் கொட்டகை

சொன்னபடியே செய்து முடித்தேன். விளக்கைப் போட்டாலும் மானிட்டர் எர்த்தில் 1 மில்லிவோல்ட்டுக்கு மேல் தெரியவில்லை. எஞ்சினை ஓட்டி, 92 டிகிரியில் விளக்கைப் போட்டு அணைத்துப் பல முறை பார்த்தேன், எண் அசையவில்லை. ரேடியோவை டம்மி லோடில் பூட்டிப் பொத்தானை அழுத்தினாலும் அசையவில்லை.

கொடைக்கானல் ஹாம்

அப்படியானால் இரண்டாவது பழுது ஆன்டெனா பக்கம்தான். ரேடியோ அதே மின்னோட்டத்தை இழுக்கிறது, ஆனால் அலை வெளியே வராதபோது முள் அமைதியாக இருக்கிறது. அலைதான் சென்சார் வயர்களுக்குள் நுழைந்து மானிட்டரைக் கலைத்திருக்கிறது. துணி போர்த்திய விமானத்தில் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: ஆன்டெனாவின் அடியில் என்ன தகடு வைத்திருக்கிறீர்கள்?

கோத்தகிரிக் கொட்டகை

முதுகுத் துணிக்குக் கீழே 15 சென்டிமீட்டர் சதுர அலுமினியத் தகடு, அக்கா. ரேடியோவிலிருந்து ஆன்டெனாவுக்குப் போவது ஆர்ஜி-58 கேபிள், அதை இருக்கைக்குக் கீழே சென்சார் வயர்களோடு ஒரே கட்டாகச் சேர்த்து டேக் போட்டிருக்கிறேன்.

கொடைக்கானல் ஹாம்

காரணம் கிடைத்துவிட்டது. விமானப் பேச்சு அலைவரிசை 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை. நடுவில் 127 என்று வைத்துக்கொண்டால் அலைநீளம் 2.36 மீட்டர், அதில் கால் பங்கு 59 சென்டிமீட்டர். மேலே நிற்கும் தண்டு அந்தக் கால் அலை அளவில் இருப்பதுபோல, கீழே அதற்கு எதிரிணையாக நாலாபுறமும் அதே அளவு உலோகம் விரிந்திருக்க வேண்டும். உலோக விமானத்தில் முதுகுத் தகடே அந்த வேலையைச் செய்துவிடும். உங்கள் 15 சென்டிமீட்டர் தகடு போதாமல், அந்த மின்னோட்டம் கேபிளின் வெளி உறை வழியாக இருக்கைக்குக் கீழே இறங்கி, பக்கத்தில் கட்டியிருக்கும் சென்சார் வயர்களில் ஏறிக்கொள்கிறது. கேபிளே ஆன்டெனாவின் கீழ்ப்பாதியாகிவிட்டது.

பின்பக்கம் பசை உள்ள செம்புப் பட்டையில் 59 சென்டிமீட்டர் நீளத்துக்கு நான்கு துண்டுகள் வெட்டி, தகட்டிலிருந்து நான்கு திசையிலும் துணியின் உட்புறம் ஒட்டி, தகட்டோடு உலோகத்துக்கு உலோகமாகப் பூட்டுங்கள். பசை மின்சாரத்தைக் கடத்தும் என்று நம்பிவிடக் கூடாது. கேபிளை இரட்டை வலை உறை கொண்ட ஆர்ஜி-400க்கு மாற்றுங்கள், சென்சார் வயர்களிலிருந்து பிரித்து விமானத்தின் மறுபக்கமாகக் கொண்டுபோங்கள். பொத்தானை அழுத்தாமலே, மிகச் சிறு சக்தியில் அளக்கும் ஆன்டெனா அனலைசரால், ஆன்டெனா ஏற்காமல் திரும்பிவரும் அலையைக் காட்டும் எஸ்டபிள்யூஆர் எண்ணைப் பாருங்கள். இரண்டுக்குக் கீழே இருந்தால் நிம்மதி.

கோத்தகிரிக் கொட்டகை

முன்பு 127இல் எஸ்டபிள்யூஆர் 3.8 இருந்தது, பட்டைகள் ஒட்டி, கேபிளை மாற்றிய பிறகு 1.6. பழைய கேபிளின் பிஎன்சி கனெக்டரைப் பிரித்தபோது வலைக் கம்பியிலும் அதே பச்சைக் களிம்பு. உரிமம் கைக்கு வந்த பிறகுதான் ஆன்டெனாவோடு பேசிப் பார்ப்பேன், அக்கா.

அருவங்காடு

மகிழ்ச்சி, தம்பி. கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தரையில் ஐந்து பத்து நிமிடம் ஓட்டி நிறுத்துவதால் ஆயில் 92 டிகிரியோடு நின்றுவிடுகிறது. உள்ளே சேரும் ஈரம் ஆவியாகி வெளியேற, ஓடும் நாளில் ஒரு முறையாவது 100 டிகிரியைத் தொட வேண்டும் என்பது ரோட்டாக்ஸின் அறிவுரை. உங்கள் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதிக்கும் என்றாலும் அதை நம்பிக் குறைத்துக்கொள்ள வேண்டாம். ஆயில் கூலரின் முகத்தைப் பாதி மறைத்து, சிலிண்டர் சூட்டின்மேல் கண் வைத்து, 100ஐத் தொட்ட பிறகு நிறுத்துங்கள். இப்போது உங்கள் மானிட்டர் காட்டும் 100 உண்மையான 100.

கோத்தகிரிக் கொட்டகை

செய்கிறேன், ஐயா. ஸ்டார்ட்டர் ரிலே, ரெகுலேட்டர் உடம்பு, எரிபொருள் பம்பு ஆகிய மூன்று இடங்களில் இன்னும் பழைய செம்பு லக்குகள்தான் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை அவற்றையும் கழற்றுகிறேன். கழற்றுவதற்கு முன்பும் பூட்டிய பிறகும் அளந்த மில்லிவோல்ட்டை இங்கேயே எழுதுகிறேன்.