மறு: மறு: ‘இடமாற்றம்’ வேண்டாம், வேறு சொல் தாருங்கள்

அன்பர்களே,

வெள்ளிக்கிழமை கையேடு அச்சுக்குப் போகிறது. ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்பை அனுப்பும் எஸ்சிபி (scp) கட்டளைப் பாடத்துக்கு இன்னும் தமிழ்த் தலைப்பே இல்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக: போன கிழமை வகுப்பில் ‘கோப்பு இடமாற்றம்’ என்று எழுதினேன். பின்வாங்கிலிருந்து ஒரு கேள்வி வந்தது: “சேர், அப்ப என்ட கணினியில கோப்பு இல்லாமப் போயிருமா?” நியாயம்தானே. மட்டக்களப்பில் ஓர் ஆசிரியருக்கு இடமாற்றம் வந்தால் ஆள் அம்பாறையில், இங்கே கதிரை காலி. எஸ்சிபியில் கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். அதன் படி (பிரதி) ஒன்றுதான் எஸ்எஸ்எச் (SSH) என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக, வழக்கமாக மற்றக் கணினியின் 22ஆம் துறைக்கு (port), போய்ச் சேரும்.

> தம்பி, ‘பதிவேற்றம்’ இருக்க வேறு எதற்கு?

அது ஒருவழிப் பாதை, ஐயா. தொலைகணினியின் முகவரியை முன்னால் போட்டால் இதே கட்டளை அங்கிருந்து இங்கே கொண்டுவரும்.

> ‘நகலனுப்பல்’?

கல்முனை நண்பர் இதை எழுதி அரை மணிநேரத்தில், நகல் அரபுச் சொல் என்று காரைதீவு ஐயா மறித்துவிட்டார். “எங்கட வீட்டுல புழங்குற சொல் தமிழில்லையா?” என்று நண்பர் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. என்னிடமும் இல்லை.

> ‘படியுய்ப்பு’ என்க. ‘நன்றின்பால் உய்ப்ப தறிவு’ (குறள் 422).

காரைதீவு ஐயா, உய்த்தல் என்றால் செலுத்துதல், சரி; ஆனால் அதே குறள் ‘சென்ற இடத்தால் செலவிடா’ என்றுதான் தொடங்குகிறது. மனத்தைப் போகவிடாமல் மறிக்கிற குறள் அது. நமக்குக் கோப்பு போயாக வேண்டும். 1936இல் சென்னையில் நடந்த கலைச்சொல் மாநாட்டுக்கு விபுலாநந்த அடிகள் தலைமை தாங்கினார் என்று மடலுக்கு மடல் நினைவூட்டுகிறீர்கள். உங்கள் ஊர்க்காரர் என்பதற்காக ‘உய்ப்பு’ பிள்ளைகளின் வாயில் நுழைந்துவிடாது.

இரு இடத்துக் கோப்புகளையும் ஒத்திசைக்கும் ஆர்சிங்க் (rsync) கட்டளைக்கு ஒருவர் ‘மறுகாப்படி’ என்று பகிடியாக எழுதியிருந்தார் (மறுகா என்றால் நம் பேச்சில் ‘மறுபடி’). சிரித்துவிட்டு யோசித்தேன். முதல்முறை முழுக்கோப்பும் போகும்; மறுகா ஓட்டினால் மாறிய பகுதி மட்டும் போகும். பொருத்தம்தான்! ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு மறுகா, மறுகால், குளத்து மறுகால் (மிகுநீர் வழியும் இடம்), அதை நாம் ஏன் ‘வான்’ என்கிறோம் என்று பதினொரு மடல் ஓடிவிட்டது. குளத்தை விட்டு வெளியே வாருங்கள்.

இதுவரை ‘படியனுப்பல்’ நாலு பேர், ‘படியுய்ப்பு’ ஒருவர். மற்றவர்கள் வாய் திறக்கவில்லை. ‘படியனுப்பல்’ என்றே போடுகிறேன்.

———

தம்பி,

என் மறுப்பைப் பதிந்துகொள்ளும். அப்புறம், அந்தச் சொல்லை வகுப்பில் ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பாரும். ‘படி அனுப்பல்ல’ என்றுதான் பின்வாங்கில் கேட்கும்.

———

ஐயா, அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.