எதிரணிக்கு நேர்மையான வாதம் மிஞ்சுமா? புவி வெப்பமடைதல் பற்றி ஒரு கேள்வி

கேள்வி: விவாத அணிப் பொறுப்பாசிரியர் (வெள்ளவத்தை)

கொழும்பிலுள்ள ஒரு பாடசாலையின் தமிழ் விவாத அணிக்குப் பொறுப்பாக இருக்கிறேன். அடுத்த சுற்றுக்குத் தரப்பட்டுள்ள தலைப்பு "புவி வெப்பமடைவதற்கு மனிதச் செயற்பாடுகளே காரணம்" என்பதாகும். நாணயச் சுழற்சியில் எங்கள் பிள்ளைகளுக்கு எதிரணி வாய்த்திருக்கிறது. காலநிலை எக்காலத்திலும் மாறியே வந்திருக்கிறது, சூரியனின் வீச்சு கூடியிருக்கிறது, மனிதனைவிட எரிமலைகளே அதிகம் காபனீரொட்சைட்டைக் கக்குகின்றன, வளிமண்டலத்துக்குச் செல்லும் அவ்வாயுவில் மனிதனின் பங்கு நூற்றுக்கு நான்கோ ஐந்தோதான், வெப்பமானிகள் நகரங்களில் இருப்பதால் கொங்கிறீற்றின் சூட்டையே உலகின் சூடாகக் காட்டுகின்றன என்றெல்லாம் இணையத்தில் தேடித் திரட்டி வந்திருக்கிறார்கள்.

மேடையில் வெல்வதற்காகப் பிள்ளைகளுக்குப் பொய்யை மனனம் செய்விப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இவற்றுள் எது நிற்கும், எது விழும் என்பதையும், எதிரணியில் நிற்பவர் மனச்சாட்சியோடு சொல்லத்தக்க வாதம் ஏதேனும் மிஞ்சுகிறதா என்பதையும் விடயம் அறிந்தவர்கள் விளக்க வேண்டும். அணியில் கலைப்பிரிவு மாணவர்களும் உள்ளனர். கணிதம் குறைவாக இருந்தால் நல்லது.

பதில்: புறக்கோட்டைக் கணக்காளர்

நான் விஞ்ஞானம் படித்தவன் அல்லன். கணக்குப் பார்ப்பது என் தொழில். ஆகவே நூற்றுக்கு நான்கு என்ற அந்த வாதத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் மாணவர்கள் கொண்டுவந்தவற்றுள், எண் ஏறக்குறையச் சரியாக இருந்தும் முடிவு முற்றாகப் பிழைத்துப்போவது அது ஒன்றுதான்.

தாவரங்களும் மண்ணும் கடலும் சேர்ந்து ஆண்டொன்றுக்கு 700 பில்லியன் தொன்னுக்கும் மேற்பட்ட காபனீரொட்சைட்டை வளிமண்டலத்துக்கு விடுகின்றன. காடழிப்பையும் சேர்த்தால் மனிதர் விடுவது சுமார் 40 பில்லியன் தொன். இதை மட்டும் பார்த்தால் மனிதனின் பங்கு அற்பமாகவே தோன்றும். ஆனால் வளிமண்டலத்தில் அவ்வாயு ஆண்டுதோறும் எவ்வளவு கூடுகிறது என்பதையும் அளந்திருக்கிறார்கள். அது மனிதர் விட்டதில் ஏறத்தாழப் பாதி. அப்படியானால் மற்றப் பாதியை இழுத்துக்கொண்டது யார்? கடலும் காடுமே.

புறக்கோட்டை மொத்த வியாபாரக் கடையொன்றின் நடைமுறைக் கணக்கில் நாள்தோறும் பல இலட்சம் வைப்பாகிப் பல இலட்சம் எடுக்கப்படுகிறது என்று வையுங்கள். பங்காளி ஒருவர் மட்டும் ஒவ்வொரு நாளும் சிறு தொகையொன்றைப் போடுகிறார். ஒரு சதமும் எடுப்பதில்லை. ஆண்டு முடிவில் மீதி கூடியிருக்கிறது, கூடிய தொகையோ அவர் போட்டதில் பாதிதான். மீதி கூடியதற்கு யார் காரணம் என்று கேட்டால், மொத்த வைப்பில் அவருடைய பங்கு நூற்றுக்கு நான்கே என்று எந்தக் கணக்காளரும் பதில் எழுதமாட்டார். ஏனையோர் போட்டதைவிட எடுத்ததே அதிகம் என்பது பேரேட்டைப் புரட்டினாலே தெரிந்துவிடும்.

கடலே வாயுவை வெளிவிடுகிறது என்று சிலர் சொல்வதும் இதே இடத்தில் உடைகிறது. கடல் காபனை இழந்துகொண்டிருந்தால் அதன் அமிலத்தன்மை குறைந்திருக்க வேண்டும். கைத்தொழில் யுகத்துக்குப் பின் கடல் நீரின் பீஎச் பெறுமானம் ஏறத்தாழ 8.2 இலிருந்து 8.1 ஆக இறங்கியிருக்கிறது, அதாவது அமிலத்தன்மை கூடியிருக்கிறது. எரிமலைகளைப் பற்றி ஒரு வரி போதும்: அவை ஆண்டுதோறும் விடுவது மனிதர் விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்தப் பக்கத்தைக் குறிப்பேட்டிலிருந்து கிழித்துவிடலாம்.

பதில்: ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர் (பம்பலப்பிட்டி)

கணக்காளர் ஐயா அளவைக் கொண்டு நிறுவியதை, வாயுவின் அடையாளத்தைக் கொண்டும் நிறுவலாம். காபன்-14 என்ற கதிர்த்தொழிற்பாட்டுச் சமதானியின் (காபனின் நிறை வேறுபட்ட ஒரு வகையின்) அரைவாழ்வு, அதாவது அது சிதைந்து பாதியாகக் குறைய எடுக்கும் காலம், 5,730 ஆண்டுகள். நிலக்கரியும் எண்ணெயும் கோடிக்கணக்கான ஆண்டுகள் நிலத்தடியில் கிடந்தவை ஆதலால் அவற்றில் அது எஞ்சியிருப்பதில்லை. எனவே சுவட்டு எரிபொருளை எரித்தால் வளிமண்டலத்திலுள்ள காபன்-14 இன் விகிதம் குறைய வேண்டும். அது குறைந்துவருவதை 1955 இல் ஹான்ஸ் சூஸ் மரங்களில் கண்டு எழுதினார். அதன்பின் அணுகுண்டுப் பரிசோதனைகள் அந்தச் சமதானியைப் பெருமளவில் கூட்டிக் கணக்கைச் சற்றுக் குழப்பிவிட்டன என்றாலும், காபன்-13 என்ற மற்றொரு சமதானியின் விகிதமும் அதே கதையையே சொல்கிறது. இவற்றோடு, வளியிலுள்ள ஒட்சிசனும் எரிதலுக்குரிய அளவில் மிகச் சிறிதாகக் குறைந்துவருகிறது. எரிமலையிலிருந்து வாயு வந்திருந்தால் ஒட்சிசன் குறைய வேண்டிய அவசியமே இல்லை.

சூரியன் பற்றிய வாதத்துக்கு உங்கள் மாணவர்கள் ஒருபோதும் அதிக நேரம் கொடுக்க வேண்டாம், ஏனெனில் எதிர்ப்பக்கத்தில் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை இருந்தால் அதுவே பொறியாகிவிடும். 1978 இன் இறுதியிலிருந்து செய்மதிகள் சூரிய வீச்சை நேரடியாக அளந்துவருகின்றன. பதினொரு ஆண்டுச் சுழற்சியில் அது நூற்றுக்கு 0.1 அளவில் ஏறி இறங்குகிறதே தவிர, புவி விரைவாகச் சூடேறிய இந்தப் பல தசாப்தங்களில் ஏறுமுகம் எதையும் காட்டவில்லை. மேலும், சூரியன் காரணமாயின் வளிமண்டலம் மேலிருந்து கீழ்வரை சூடேற வேண்டும். நடப்பது வேறு: நாம் வாழும் மாறன் மண்டலம் சூடேற, அதற்கு மேலேயுள்ள படை மண்டலம் குளிர்கிறது. காபனீரொட்சைட்டு கூடினால் இப்படித்தான் நடக்கும் என்று மனாபேயும் வெதரல்டும் 1967 இலேயே கணித்திருந்தார்கள். மனாபேக்கு 2021 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஓசோன் படை நலிவும் இக்குளிர்ச்சியில் ஒரு பகுதிக்குக் காரணம் என்பதை மறைக்கக் கூடாது, ஆனால் படை மண்டலத்தின் மேற்பகுதிக் குளிர்ச்சியைப் பெரிதும் விளக்குவது காபனீரொட்சைட்டே.

காலநிலை எப்போதும் மாறியே வந்தது என்பது உண்மை, அதனால்தான் அது ஆபத்தான வாதம். பனிக்காலங்கள் முடிவுற்றபோது புவியின் சுற்றுப்பாதையிலும் அச்சிலும் ஏற்பட்ட சிறு மாற்றங்கள் சூடேற்றத்தைத் தொடக்கிவைத்தன, சூடேறிய கடல் காபனீரொட்சைட்டை வெளிவிட்டது, அது சூட்டை மேலும் பெருக்கியது. வெப்பநிலை முந்தி, வாயு பிந்தி வந்தது என்று இணையத்தில் காட்டப்படும் வரைபு இதைத்தான் காட்டுகிறது. கடைசிப் பனிக்கால முடிவில் மில்லியனுக்குச் சுமார் 180 பங்கிலிருந்து 280 பங்குக்கு உயர அந்த வாயுவுக்குப் பல ஆயிரம் ஆண்டுகள் பிடித்தன. ஹவாயின் மௌனா லோவாவில் சார்ள்ஸ் கீலிங் அளக்கத் தொடங்கிய 1958 இல் ஏறத்தாழ 315 ஆக இருந்தது இப்போது 420 ஐயும் தாண்டிவிட்டது. அந்தாட்டிக்காவின் பனிக்கட்டியில் சிறைப்பட்ட காற்றுக் குமிழிகளைக் கொண்டு 8,00,000 ஆண்டுகள் பின்னோக்கிப் பார்த்தும், கைத்தொழில் யுகத்துக்கு முன் 300 ஐத் தாண்டிய காலம் ஒன்று அதில் காணப்படவில்லை.

பதில்: களனிக்கரை வாசி (வெள்ளம்பிட்டி)

கொங்கிறீற்று வாதத்தை இவர்கள் இருவரும் தொடாமல் விட்டுவிட்டார்கள். அதில் பாதி உண்மை இருப்பதால் நான் அதைப் பற்றிச் சொல்கிறேன்.

கொழும்பு நகரம் தன்னைத் தானே சூடாக்குகிறது என்பதில் ஐயமில்லை. அடுக்குமாடித் தொகுதிகள் நெருங்கி நிற்கும் காலி வீதிப் பக்கத்து ஒழுங்கையொன்றில் இரவு பத்து மணிக்கு மேற்கு நோக்கிய சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பகல் வெயில் அதற்குள்ளே இன்னும் இருக்கிறது. குளிரூட்டிகளின் வெளிப்பெட்டிகளோ அதே ஒழுங்கைக்குள் சூட்டைத் தள்ளிக்கொண்டிருக்கின்றன. அங்கிருந்து பெத்தகான சதுப்பு நிலப் பக்கம் போனால் காற்றே வேறாக இருக்கும்.

ஆனால் உலக வெப்பநிலைப் பதிவு இதனால் கெட்டுப்போயிற்றா என்று சோதித்தவர்கள் இருக்கிறார்கள். கலிபோர்னியாவின் பௌதிகவியலாளர் ரிச்சர்ட் முல்லர் இந்தச் சந்தேகத்தைப் பலமாகக் கொண்டிருந்தவர். பேர்க்லி ஏர்த் என்ற பெயரில் குழுவொன்றை அமைத்து, நகர நிலையங்களையும் நாட்டுப்புற நிலையங்களையும் பிரித்துப் பார்த்தபின், நிலப்பரப்பின் சூடேற்றம் மெய்யானது என்றும், அதற்கு ஏறத்தாழ முழுக் காரணமும் மனிதரே என்றும் 2012 இல் வெளிப்படையாக எழுதினார். சேரும் மேலதிக வெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டது கடலுக்குள் போகிறது என்பது இன்னொரு சான்று. இந்து சமுத்திரத்தின் நடுவில் கொங்கிறீற்று இல்லையே.

எதிரணிக்கு நான் வைக்கும் யோசனை இது. முன்மொழியும் அணியினர் கட்டாயம் 2016 மே மாத வெள்ளத்தை எடுத்து வருவார்கள். அப்போது கொலன்னாவையும் வெள்ளம்பிட்டியும் நீரில் கிடந்தன. அன்று பெய்த மழைக்கும் புவி வெப்பத்துக்கும் உள்ள தொடர்பு ஒருபுறமிருக்க, வெள்ளம் வடியாமல் நின்றதற்கு இங்கேயே காரணங்கள் உண்டு. நீரை ஏந்தி வைத்த சதுப்பு நிலங்கள் பல ஆண்டுகளாக மண்ணும் குப்பையும் கொட்டி நிரப்பப்பட்டன. எங்கள் பக்கத்தில் வீதிக்குப் புதிதாகத் தார் போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலே போட்டதால், ஒரு காலத்தில் வீதியைவிட உயர்ந்து நின்ற வாசற்படிகள் இன்று வீதி மட்டத்துக்குக் கீழே நிற்கின்றன; ஆறு பெருக வேண்டியதில்லை, அரை மணி நேர மழையே விறாந்தைக்குள் வந்துவிடும். ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சர் சமவாயத்தின் கீழ், கொழும்பு 2018 இல் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது. மிஞ்சியதையாவது காக்க வேண்டும் என்ற எண்ணம் வந்தது மகிழ்ச்சி. எப்படியானாலும் இதுவும் மனிதச் செயற்பாடுதான், ஆகவே எதிரணி இந்த வாதத்தைப் பிடித்தால் ஒரு காலை வெளியே வைத்தபடிதான் நிற்க முடியும்!

பதில்: மறுத்துரைப்பவன்

எல்லோரும் ஒரே பக்கம் பேசுவதால் நான் மற்றப் பக்கத்தில் நிற்கிறேன். காலநிலை மாற்றம் தொடர்பான அரசாங்கங்களுக்கிடையிலான குழு 2021 இல் "மனிதச் செல்வாக்கு ஐயத்துக்கிடமற்றது" என்று அறிவித்தது என்பதற்காக நாம் கைகட்டி நிற்க வேண்டுமா? பணக்கார நாடுகள் இருநூறு ஆண்டுகளாக எரித்துவிட்டு, இப்போது "மனிதன்" என்று பொதுப்பெயர் சூட்டிப் பழியை எல்லோருக்கும் பங்கிடுகின்றன. எமது நாட்டில் ஆளொருவருக்கு ஆண்டுக்குச் சுமார் ஒரு தொன் காபனீரொட்சைட்டுத்தான் வெளியாகிறது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர்

தம்பி, நீங்கள் இரண்டு வழக்குகளை ஒன்றாகக் கட்டியிருக்கிறீர்கள். முதலாவது, சூடேறுவதற்குக் காரணம் எது என்பது. அது எந்தக் குழுவின் அறிக்கையிலும் தங்கியிருக்கவில்லை. காபனீரொட்சைட்டு வெப்பக் கதிர்களை உறிஞ்சும் என்பதை டின்டல் 1859 இல் ஆய்வுகூடத்திலேயே அளந்துவிட்டார், அது இருமடங்கானால் புவி எவ்வளவு சூடேறும் என்று அரீனியஸ் 1896 இல் கையால் கணித்தார். அப்போது எந்த அரசாங்கத்துக்கும் இதில் ஆர்வம் இருக்கவில்லை. நீங்கள் சொல்லும் குழுவும் வெறும் வெளியார் கூட்டம் அன்று. அது 2007 இல் நோபல் சமாதானப் பரிசைப் பகிர்ந்துகொண்ட காலத்தில் எம் நாட்டுப் பேராசிரியர் மொஹான் முனசிங்க அதன் உபதலைவர்களுள் ஒருவராக இருந்தார்.

இரண்டாவது வழக்கு, பொறுப்பு யாருடையது என்பது. அதில் நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன், பொறுப்பாசிரியர் தேடுகின்ற நேர்மையான வாதமும் அங்கேதான் இருக்கிறது. கைத்தொழில் யுகம் தொடங்கியதிலிருந்து சுவட்டு எரிபொருளால் வெளியான காபனீரொட்சைட்டில் ஏறத்தாழக் காற்பங்கு ஐக்கிய அமெரிக்காவினுடையது. உலகின் இன்றைய வெளியீட்டில் இலங்கையின் பங்கு நூற்றுக்கு 0.1 ஐயும் எட்டாது. 1992 இன் ஐக்கிய நாடுகள் சமவாயமே பொறுப்பு பொதுவானது, ஆனால் வேறுபட்டது என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. இழப்புக்கும் சேதத்துக்குமான நிதியம் ஒன்றை அமைக்க 2022 இல் ஷாம் எல் ஷேக் மாநாட்டில் இணங்கினார்கள். "மனிதச் செயற்பாடு என்று எல்லோரையும் ஒரே தட்டில் நிறுத்தும் இந்தத் தலைப்பை நாம் ஏற்கமாட்டோம், காரணம் குறிப்பிட்ட சில பொருளாதாரங்களின் எரிபொருள் பாவனை" என்று உங்கள் மாணவர்கள் வாதிட்டால் எந்த அளவீட்டையும் மறுக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இராது.

பதில்: விவாத அணிப் பொறுப்பாசிரியர்

அனைவருக்கும் நன்றி. சூரியனையும் எரிமலையையும் நேற்றே கைவிட்டுவிட்டோம்; பொறுப்பு வேறுபட்டது என்பதே எங்கள் அணியின் மைய வாதமாக இருக்கும். மாணவி ஒருத்தி மட்டும் ஒரு கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாள், எனக்குப் பதில் தெரியவில்லை. 1940 களிலிருந்து 1970 கள் வரை காபனீரொட்சைட்டு கூடிக்கொண்டே போயிருக்க, உலக வெப்பநிலை ஏன் ஏறாமல் நின்றது?

பதில்: ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர்

அந்தப் பிள்ளையை முதற் பேச்சாளராக நிறுத்துங்கள். போருக்குப் பின் விரிந்த கைத்தொழில், நிலக்கரியோடு பெருமளவு கந்தகத்தையும் எரித்தது. கந்தகவீரொட்சைட்டிலிருந்து உருவாகும் நுண்துணிக்கைகள் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்புவதால், காபனீரொட்சைட்டின் சூட்டை அவை பெருமளவில் மறைத்துவைத்தன. கடல்களின் இயல்பான ஏற்ற இறக்கமும் அதில் ஓரளவு சேர்ந்திருந்தது. 1970 களிலிருந்து அமெரிக்காவும் ஐரோப்பாவும் காற்றைத் தூய்மையாக்கச் சட்டம் செய்யக் கந்தகம் குறைந்தது, மறைந்திருந்த சூடு வெளிப்பட்டது. இதே விளைவை 1991 இல் பிலிப்பைன்சின் பினாட்டுபோ எரிமலையும் காட்டியது: அது வெடித்தபின் உலகம் ஏறத்தாழ அரைப் பாகை குளிர்ந்து, துணிக்கைகள் படிந்தபின் இரண்டு மூன்று ஆண்டுகளில் மீண்டும் பழைய ஏறுமுகத்துக்கு வந்துவிட்டது. கந்தகம் சில நாட்களிலோ, மிக உயரே போனால் ஓரிரு ஆண்டுகளிலோ விழுந்துவிடும். காபனீரொட்சைட்டின் ஒரு பகுதி பல நூற்றாண்டுகளுக்கு மேலேயே நிற்கும். நடுவர் இதைக் கேட்டால், இவ்வளவைச் சொல்ல ஒரு நிமிடம் போதும்.