போஸ்ட்கிரெஸ் டிரிகரிலிருந்து ரேசர்பே இன்வாய்ஸ்: ஒரே ஆர்டருக்கு இரண்டு லிங்க் போகிறது

தாண்டிக்குடி காப்பி:

வணக்கம். எங்களுக்குத் தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டம். அரபிகாவை நாங்களே வறுத்து அரைத்து, மதுரை, சென்னை, பெங்களூர் வீடுகளுக்குக் கூரியரில் அனுப்புகிறோம். ஆர்டர் எல்லாம் போனில்தான் வரும். என் தங்கை அதை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். உள்ளே இருப்பது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்.

ஆர்டர் டேபிளில் ஒரு வரி சேர்ந்ததும் டிரிகர், அதாவது டேட்டாபேஸுக்குள் தானாக ஓடும் சின்ன நிரல், ஓடும். அது ஹெச்டிடிபி எக்ஸ்டென்ஷன் (டேட்டாபேஸிலிருந்தே இணையத்தைக் கூப்பிட உதவும் இணைப்பு) வழியாக, பணம் வசூலிக்கும் சேவையான ரேசர்பேயின் இன்வாய்ஸ் ஏபிஐயை (நிரல்கள் பேசும் வாசலை) கூப்பிடும். வாடிக்கையாளருக்குப் பணம் கட்டும் லிங்க் எஸ்எம்எஸ்ஸில் போய்விடும். இதை எழுதிக் கொடுத்தவர் வெளிநாடு போய்விட்டார்.

வெயில் காலத்தில் ஒழுங்காக ஓடியது. ஐப்பசி மழை தொடங்கியதும் இங்கே நெட் விட்டு விட்டுத்தான் வரும். சேவ் அழுத்தினால் திரை அப்படியே நிற்கிறது, பிறகு எரர். ஆர்டர் ஏறவில்லை என்று தங்கை மறுபடி சேவ் போடுகிறாள். அந்தப் பக்கம் வாடிக்கையாளருக்கு இரண்டு லிங்க் போயிருக்கிறது. மதுரையில் ஒரு பெரியம்மா இரண்டிலும் பணம் கட்டிவிட்டார், திருப்பி அனுப்பினோம். இன்னொருவர் பணம் கட்டியிருக்கிறார், எங்களிடம் ஆர்டரே இல்லை. பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தை (டைம்அவுட்) 30 நொடி ஆக்கினால் சரியாகுமா?

பண்ணைக்காடு டேட்டா:

டைம்அவுட்டைத் தொடாதீர்கள். கூட்டினால் தங்கை இன்னும் அதிக நேரம் திரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான்.

நடப்பது இதுதான். அந்த எக்ஸ்டென்ஷன் வழக்கமாக 5 நொடிதான் காத்திருக்கும். உங்கள் கோரிக்கை ரேசர்பேக்குப் போய்ச் சேர்ந்து இன்வாய்ஸும் பிறந்துவிடுகிறது. பதில் திரும்பி வரும் வழியில் லைன் போகிறது. டிரிகர் எரர் கொடுக்கிறது. டிரிகர் விழுந்தால் ஆர்டர் வரியைச் சேர்த்ததும் (இன்ஸெர்ட்) கூடவே ரத்தாகும், அதுதான் ரோல்பேக். ஆனால் ரோல்பேக் உங்கள் டேட்டாபேஸுக்குள் மட்டும்தான் செல்லும். மூட்டையை வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏற்றிவிட்ட பிறகு நோட்டில் அந்த வரியை அடித்தால் மூட்டை திரும்பி வருமா? அதனால்தான் ஆர்டர் இல்லாமல் பணம் மட்டும் வருகிறது. இதில் ரேசர்பேயின் தவறு ஒன்றும் இல்லை.

டிரிகரில் வெளி உலகத்தைக் கூப்பிடும் வேலையே வேண்டாம். 'அனுப்ப வேண்டியவை' என்று தனி டேபிள் வையுங்கள். டிரிகர் அதில் ஒரு வரி மட்டும் போடட்டும். ஆர்டரும் அந்த வரியும் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் இருப்பதால் ஏறினால் இரண்டும் ஏறும், இல்லாவிட்டால் இரண்டும் இல்லை. நெட் இல்லாத நேரத்திலும் சேவ் உடனே முடியும்.

பிறகு ஒரு சின்ன பைதான் ஸ்கிரிப்ட், தனியாக ஓடிக்கொண்டே இருக்கட்டும். ஒரு வரியை எடுத்து, 'அனுப்புகிறேன்' என்று குறித்து, அதை டேட்டாபேஸில் நிலையாகப் பதித்துவிட்டு (கமிட்), அதன் பிறகுதான் ஏபிஐயைக் கூப்பிட வேண்டும். பதில் வந்தால் இன்வாய்ஸ் எண்ணை அந்த வரியில் எழுதி 'முடிந்தது' என்று மாற்றுங்கள். ஸ்கிப் லாக்டு, பத்து வொர்க்கர் என்று பல ஸ்கிரிப்டுகளை ஒரே நேரத்தில் ஓட்டும் வழிகளை இணையத்தில் படிப்பீர்கள். உங்கள் அளவுக்கு ஒரே ஒரு ஸ்கிரிப்ட் போதும்.

இரட்டை லிங்க்கைத் தடுப்பது அடுத்த படிதான், இதை விட்டுவிடாதீர்கள். இன்வாய்ஸ் உருவாக்கும்போது ரிசீப்ட் என்ற புலத்தில் உங்கள் ஆர்டர் எண்ணைக் கொடுங்கள். 'அனுப்புகிறேன்' நிலையிலேயே ஒரு வரி தொங்கிக்கொண்டிருந்தால், மறுபடி உருவாக்குவதற்கு முன் அதே ரிசீப்ட் எண்ணை வைத்து இன்வாய்ஸ் பட்டியலைக் கேளுங்கள். இருந்தால் அதன் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மட்டும் புதிதாக. ஏற்கெனவே போன கூடுதல் லிங்க்குகளில் பணம் கட்டாதவற்றை கேன்ஸல் செய்துவிடலாம், அதற்கும் ஏபிஐயில் வழி இருக்கிறது.

ஒட்டன்சத்திரம்:

இவ்வளவு எதற்கு? பிஜி_நெட் எக்ஸ்டென்ஷன் போட்டால் போதுமே. கமிட் ஆன பிறகுதான் கோரிக்கையை அனுப்பும், சேவும் நிற்காது.

பண்ணைக்காடு டேட்டா:

சேவ் நிற்காது, உண்மைதான். ஆனால் பிஜி_நெட் தன் வரிசையை அன்லாக்டு டேபிளில், அதாவது மீட்புப் பதிவு எழுதாத டேபிளில், வைக்கிறது. சர்வர் திடீரென்று விழுந்தால் அந்த டேபிள் காலியாகிவிடும். மரம் சாய்ந்து கரண்ட் போகும் ஊரில், போகாத இன்வாய்ஸ் எது என்று பிறகு யாரைக் கேட்பது? நகரத்து சர்வரில் சின்ன வேலைக்கு நானும் அதைப் பயன்படுத்துகிறேன். பணம் தொடர்பானது சாதாரண டேபிளில்தான் இருக்க வேண்டும்.

தாண்டிக்குடி காப்பி:

புரிந்தது, மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். பணம் வந்ததும் ஆர்டரில் தானாகக் குறிக்க வெப்ஹுக் (ரேசர்பே தானே நம் கம்ப்யூட்டருக்குச் செய்தி அனுப்பும் வழி) வேண்டும் என்கிறார்கள், எங்கள் வீட்டு கம்ப்யூட்டருக்கு வெளியிலிருந்து எதுவும் வர முடியாது. அப்புறம், ரேசர்பே கீ (எங்கள் கணக்குக்கான ரகசியச் சாவி) டிரிகர் ஃபங்ஷனுக்குள்ளேயே எழுதியிருக்கிறது. அது பரவாயில்லையா?

பண்ணைக்காடு டேட்டா:

வெப்ஹுக் இல்லாமலே சமாளிக்கலாம். அதே ஸ்கிரிப்ட் சில நிமிடத்துக்கு ஒரு முறை, பணம் வராத இன்வாய்ஸ்களை எண் வாரியாக ரேசர்பேயிடம் கேட்கட்டும். நிலை 'பெய்ட்' என்று வந்தால் ஆர்டரில் குறித்துவிடுங்கள். நெட் போயிருந்தாலும் திரும்பி வந்ததும் தானே பிடித்துக்கொள்ளும்.

கீ விஷயம் பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். ஃபங்ஷனின் உள்ளே இருப்பதை டேட்டாபேஸில் நுழையக்கூடிய எவரும் படிக்கலாம், நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு பேக்கப்பிலும் அது போய் உட்காரும். ரேசர்பே டேஷ்போர்டில் புதுக் கீ உருவாக்கிப் பழையதை நிறுத்துங்கள். நிறுத்தியதும் பழைய டிரிகர் வேலை செய்யாது, அதனால் ஸ்கிரிப்ட் தயாரான பிறகு இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். புதுக் கீ ஸ்கிரிப்ட் படிக்கும் தனிக் கோப்பில் இருக்கட்டும், அந்தக் கோப்பைத் திறக்கும் உரிமை ஸ்கிரிப்டை ஓட்டும் பயனருக்கு மட்டும்.

முதலில் டெஸ்ட் கீ (உண்மைப் பணம் நகராத சோதனைக் கீ) வைத்து ஓட்டிப் பாருங்கள். சேவ் போட்ட கையோடு நெட் கேபிளைப் பிடுங்கி, மறுபடி சொருகி, டேஷ்போர்டில் ஒரே ஒரு இன்வாய்ஸ்தான் இருக்கிறதா என்று பாருங்கள். தொகையைப் பைசாவில் கொடுக்க வேண்டும், 450 ரூபாய்க்கு 45000. டிரிகரிலிருந்து தொகைக் கணக்கை ஸ்கிரிப்டுக்கு எடுத்து எழுதும்போது நூறால் பெருக்குவது விடுபட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.