நகரத்தில் பனி கொட்டும் நாள்: எப்போது இறங்குவது, என்ன போடுவது?

புதுக்குளிர்:
நாளை இரவு தொடங்கி மறுநாள் காலை வரை 15 செ.மீ. பனி விழும் என்கிறது முன்னறிவிப்பு. வெப்பநிலை மைனஸ் 1 முதல் மைனஸ் 4 வரை. பெரிய நகரம், கார் கிடையாது, கூட ஏழு வயதுப் பையன். எத்தனை மணிக்குக் கிளம்பலாம்? நனையாமல் திரும்ப எதைப் போடணும்? பனிமனிதன் செய்தே ஆகணும் என்று பையன் ஒற்றைக் காலில் நிற்கிறான். போட்டோவும் எடுக்கணும்.

நடைவாசி:
விடிந்ததும் இறங்கிவிடுங்கள். நகரத்துப் பனிக்கு ஆயுசு குறைவு. பனி உருக உப்பைக் கொட்டி நாலு வண்டி ஓடிவிட்டால் தெருவெல்லாம் சாம்பல் கூழ்தான். நேரே பெரிய பூங்காவுக்குப் போங்கள், அங்கேதான் வெள்ளை நிற்கும். பஸ்ஸை நம்பாதீர்கள், சுரங்க ரயிலுக்குப் பனியால் தொல்லை குறைவு.

உடம்போடு ஒட்டி பருத்தி வேண்டாம். வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே கிடக்கும், நின்றவுடன் குளிரும். உள்ளே கம்பளியோ பாலியெஸ்டரோ, மேலே ஃபிளீஸ் (மெத்தென்ற செயற்கைத் துணிச் சட்டை), அதற்கும் மேல் தண்ணீர் புகாத ஜாக்கெட். சாக்ஸை இரண்டாகத் திணித்தால் பூட்ஸ் இறுகி, ரத்த ஓட்டம் குறைந்து, கால் இன்னும் சில்லிடும். தடித்த கம்பளி சாக்ஸ் ஒரு ஜோடி போதும். பையனுக்கு விரல் பிரியாத கையுறை, மாற்றுக்கு இன்னொரு ஜோடி. முதல் ஜோடி அரை மணியில் நனைந்துவிடும்.

தெருமுனையில் கவனம். பனியை ஒதுக்கித் தள்ளும்போது வடிகால் வாய் அடைபடும். நடைபாதை இறங்கும் இடத்தில் உருகிய தண்ணீர் தேங்கி, மேலே சாம்பல் பனி மிதக்கும். பார்க்கக் கெட்டித்தரை மாதிரி இருக்கும், மிதித்தால் கணுக்கால்வரை போய்விடும். நாலடி தள்ளித் தாண்டுங்கள்.

உருண்டைக்காரன்:
உங்க வெப்பநிலை மைனஸ் 1 பக்கம் இருந்தா அருமை. பனிமனிதனுக்கு ஈரப்பனிதான் வேணும். ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பாருங்க, கொழுக்கட்டை மாதிரி நின்னா சரி. மாவா உதிர்ந்தா மதியம்வரை பொறுங்க, இல்லன்னா ஸ்ப்ரே பாட்டில்ல லேசா தண்ணி தெளிங்க. உருண்டைங்க 50, 35, 25 செ.மீ. விட்டம் போதும். நடு உருண்டையே ஏழெட்டு கிலோ வரும், அதைத் தூக்கப்போறது நீங்கதான். ஒரே திசையில உருட்டினா டிரம் ஆயிடும், திருப்பித் திருப்பி உருட்டுங்க. வைக்கிற இடத்தைத் தட்டையாக்கி, இடுக்குல பனியை அப்புங்க. சரியுறதெல்லாம் இந்த மூட்டுலதான்.

வெளிச்சம்:
கேமரா பனியைச் சாம்பலாக்கும். காட்சி முழுக்க வெள்ளையாக இருந்தால், வெளிச்சம் அதிகம் என்று எண்ணி அது குறைத்துவிடுகிறது. எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +1 ஏற்றுங்கள். போனில் திரையைத் தொட்டுச் சூரியக் குறியை மேலே இழுத்தால் போதும். விழும் பனி தெரிய இருண்ட பின்னணி வேண்டும்: ஈர மரத்தண்டு, செங்கல் சுவர். ஷட்டர் (கேமரா கண் திறந்திருக்கும் நேரம்) 1/500 நொடியில் பனித்துகள் நிற்கும், 1/60இல் கோடாக இழுபடும். போனை உள்பையில் வையுங்கள், குளிரில் சார்ஜ் இருக்கும்போதே அணைந்துவிடும். கேமராவை வீட்டுக்குள் கொண்டுவருமுன் வெளியிலேயே ஜிப் பையில் போட்டு மூடி, ஓரிரு மணி நேரம் திறக்காதீர்கள். திறந்தால் லென்ஸில் நீர் கோத்துக்கொள்ளும்.

வழுக்கல்:
எல்லோரும் பனி விழும் நேரத்தையே பேசுகிறீர்கள், வழுக்கி விழுவது அதற்குப் பிறகுதான். பகலில் உருகியது இரவில் கண்ணாடி ஐஸாகும். பாதத்தை முழுசாக ஊன்றி, சின்னச் சின்ன அடியாக வையுங்கள், கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். வெயில் வந்தால் கட்டட ஓரமாக நடக்கவேண்டாம், கூரையிலிருந்து ஐஸ் ஈட்டி விழும். நனைந்த பூட்ஸை ஹீட்டர் மேல் வைத்தால் பூட்ஸின் தோல் வெடிக்கும். செய்தித்தாளைத் திணித்துக் காயவிடுங்கள்.

புதுக்குளிர்:
நன்றி. பையனை எவ்வளவு நேரம் வெளியே விடலாம்?

நடைவாசி:
அந்தக் குளிருக்கு முக்கால் மணிக்கு ஒருமுறை உள்ளே கூட்டிப்போய்ச் சூடாக ஏதாவது கொடுங்கள். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே காற்று சீறினால் இன்னும் சீக்கிரம். விரல்நுனி வெளுத்து மரத்துப்போனால் தேய்க்கக் கூடாது, வெதுவெதுப்பான தண்ணீரில் வைக்கவேண்டும். அப்படியும் உணர்வு திரும்பாவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.